கத்திக்கு முன்னும் பின்னும்

வணக்கம். பேச்சைத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. பக்கத்தில் இருப்பவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலை அசைத்தபடியே, அவர் திறந்திருக்கும் கண்ணின் காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவாருங்கள். எப்போது தெரிகிறது என்று கேளுங்கள். அடுத்த கண்ணுக்கும் அப்படியே. ஆயிற்றா? சிரிப்பு அடங்கட்டும்.

இரண்டு கண்களிலும் வெளிப்புறப் பார்வை மட்டும் குறைந்திருந்தால், மூளைக்கு அடியில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை ஏதோ அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பல நேரங்களில் அது பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ந்த கட்டியாக இருக்கும். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மூக்கு வழியாகவே போய் எடுத்துவிடலாம். நீங்கள் இப்போது செய்த சோதனைக்கு மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம். ஆனாலும் ஏழை நாடுகளில் இந்தக் கட்டியோடு வருகிறவர்களில் பலர் பார்வையைப் பெரும்பகுதி இழந்த பிறகே அறுவை அரங்குக்கு வந்து சேர்கிறார்கள். அதற்குள் கண்ணாடியை இரண்டு மூன்று முறை மாற்றியிருப்பார்கள். யாரும் விரலை நீட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் கத்தி பிடிப்பவன் அல்லன், மயக்க மருந்து கொடுப்பவன். மூளை அறுவையில் தலைமாடு சர்ஜனுக்குச் சொந்தம். எங்களுக்கு ஓர் ஓரம்தான். ஓரத்தில் நின்று பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. கத்திக்கு முன்னால் என்ன நடக்கவில்லை, பின்னால் என்ன நடக்கப்போவதில்லை என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2015இல் கணக்கிட்டது. நரம்பியல் அறுவை தேவைப்பட்டும் கிடைக்காமல் போகிறவர்கள் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் மேல், இன்னும் 23,000 சர்ஜன்கள் வேண்டும் என்றது 2018இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு. இந்த எண்ணைக் கேட்டதும் எல்லோரும் சர்ஜன்களை உருவாக்கக் கிளம்பிவிடுகிறார்கள். உருவாக்கத்தான் வேண்டும். மொராக்கோவின் ரபாத் நகரில் 2002 முதல் ஆப்பிரிக்க இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. எத்தியோப்பியா 2006இல் அடிஸ் அபாபாவில் தன் சொந்தப் பயிற்சியைத் தொடங்கியது.

அதே 2006இல் டான்சானியாவின் ஹைடம் என்ற சிற்றூர் மருத்துவமனைக்கு டிலன் எல்லேகலா என்ற அமெரிக்க சர்ஜன் போனார். மண்டையோட்டைத் திறக்கக் கருவி இல்லாமல் ஒரு விவசாயியிடமிருந்து கம்பி ரம்பம் வாங்கிப் பயன்படுத்தினார். எல்லோருக்கும் அந்த ரம்பம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது அடுத்து அவர் செய்தது: அங்கிருந்த உதவி மருத்துவ அலுவலர் ஒருவருக்கு அந்த அறுவையைக் கற்றுக்கொடுத்தார். முழு மருத்துவப் பட்டம் இல்லாதவர் கையில் மூளையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவரும் இல்லையென்றால் அங்கே யார் என்று அவர்களிடம் கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் சர்ஜன் இருந்தும் கைநழுவும் நோயாளிகள் இருக்கிறார்கள். டெக்ஸாமெத்தசோன் மிக மலிவான மருந்து. மூளைக் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை அது வடியவைக்கும் என்பது 1961 முதல் தெரியும். வாந்தியும் தலைவலியுமாகத் தூக்கிவரப்பட்டவர் ஓரிரு நாளில் எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்பார். குடும்பத்துக்குப் போன உயிர் வந்தமாதிரி. அறுவைக்கு நாள் குறித்தால், ‘நன்றாகத்தானே இருக்கிறார், கடன் வாங்கித் தலையைத் திறப்பானேன்’ என்று கேட்பார்கள், அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வடிந்தது வீக்கம்தான், கட்டி அங்கேயே இருக்கிறது என்று உட்காரவைத்துச் சொல்ல யாருக்கும் நேரம் இருந்திருக்காது. அடுத்து அவர் வரும்போது நினைவு இருக்காது.

கட்டியை எடுத்த பிறகும் வழி முடிவதில்லை. எடுத்த துண்டுக்குப் பெயர் சொல்ல நோய்க்குறியியல் நிபுணர் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி பல கட்டிகளுக்கு மரபணுச் சோதனையும் வேண்டும். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் கதிர்வீச்சு சிகிச்சையே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில், எடுத்தாலும் திரும்ப வளரும் கொடிய மூளைப் புற்றான கிளியோபிளாஸ்டோமாவை மட்டும் எடுத்துவிட்டு என்ன செய்வது? எனக்கும் தயக்கம் உண்டு. மூளையுறையில் வளரும் மெனிஞ்சியோமா அப்படியல்ல. பெரும்பாலும் முழுதாக எடுத்தால் போதும். கையிருப்பு குறைவாக உள்ள இடத்தில் முதலில் அதையும் பிட்யூட்டரியையும் கவனியுங்கள் என்பது என் கட்சி.

கடைசியாக என் தொழில் பற்றி. உச்சந்தலைத் தோலின் நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே கட்டியை எடுக்கலாம். மூளைக்கு வலி தெரியாது. செயற்கை சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. நோயாளி சீக்கிரம் வீடு திரும்புவார். ஏழைகளுக்கான மாற்று வழி என்று இதை நினைத்துவிடாதீர்கள். பேச்சுப் பகுதியை ஒட்டிய கட்டிக்குப் பணக்கார நாடுகளிலும் இதுதான் முறை.

துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் சர்ஜன், இந்தப் பக்கம் நோயாளியும் நாங்களும். ஒன்றிலிருந்து எண்ணச் சொல்வோம், பிள்ளைகளின் பெயரைக் கேட்போம். ஒரு சொல் குழறினால் ‘நிறுத்துங்கள்’ என்போம், அந்தப் பக்கம் கை நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து இரண்டு வாரத்துக்கு வரும் நிபுணர் குழு நுண்ணோக்கியைக் கொண்டுவரும், இதைக் கொண்டுவர முடியாது. குழறியதா, அல்லது அந்த ஊர்ப் பேச்சே அப்படித்தானா என்று தெரிய, அந்த மொழியை வீட்டில் பேசும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் அந்த வார்டின் செவிலியர்.