நசுங்கிய காசு

நேயர்களுக்கு வணக்கம். ஊர் சுற்றிவிட்டு வந்தீர்களே, என்ன வாங்கி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், என் மகன் ஒரு பழைய மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து திறப்பான். உள்ளே எட்டுக் காசுகள். எட்டும் நசுங்கிப்போனவை.

நாங்கள் வசிக்கும் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாநிலத்து ஃப்ளாரன்ஸ் பக்கமிருந்து கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் வரை காரில் நால்வரும் போன பயணம் அது. பெரும்பாலும் 101ஆம் நெடுஞ்சாலை. வலப்பக்கம் கடல் வருவதும் மறைவதுமாக இருக்கும். விடாமல் ஓட்டினால் ஒரே நாளில் போய்விடலாம். எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. சாலையோர வேடிக்கை ஒன்றையும் பிள்ளைகள் விடவில்லை.

முதலில் கடல்சிங்கக் குகை. 1932இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. லிஃப்டில் சுமார் 200 அடி கீழே இறங்க வேண்டும். கடல்சிங்கம் கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் வந்து வரவேற்கும். மேலே கடையில் காந்தம், சாவிக்கொத்து, டி-ஷர்ட் எல்லாம் வழக்கம்போல. மூலையில் ஓர் இயந்திரம். இரண்டு 25 சென்ட் காசும் ஒரு சென்ட் காசும் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே அந்த ஒரு சென்ட் நசுங்கி, நீள்வட்டமாக, படம் பதிந்து வெளியே விழும். இது புதிய விளையாட்டு இல்லை. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே இப்படி நசுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

மகன் தொங்கிக்கொண்டு சுற்றினான். வந்த காசில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று முகம் வாடிவிட்டது. பின்னால் நின்ற ஒரு பெரியவர் சிரித்தார். 1982க்கு முந்தைய காசு என்றால் 95 விழுக்காடு செம்பு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் துத்தநாகம், மேலே செம்புப் பூச்சுதான், நசுக்கினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்றார். பிறகு தன் பையைத் துழாவி 1974ஆம் ஆண்டுக் காசு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது பளபளவென்று வந்தது.

அவ்வளவுதான், பயணமே மாறிப்போயிற்று. காரில் கிடந்த சில்லறை முழுவதையும் மடியில் கொட்டி ஆண்டு பார்ப்பதுதான் பின்சீட்டு வேலை. காசைச் சிதைப்பது குற்றமில்லையா என்று மகள் பயந்தாள். ஏமாற்றுவதற்காகச் சிதைத்தால்தான் இங்கே குற்றம், நினைவுக்காக நசுக்கலாம். போர்ட் ஆர்ஃபோர்டுக்குத் தெற்கே, மழைக்காட்டுக்குள் 1955 முதல் டைனோசர் சிலைகள் நிற்கின்றன. அங்கே இறங்கியபோதும் இவர்கள் கையில் காசைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கிளாமத்தில், அமெரிக்க நாட்டுப்புறக் கதைகளில் வரும் ராட்சத மரவெட்டி பால் பன்யனின் 49 அடி உயரச் சிலை பேசும். யாரோ மறைந்திருந்து மைக்கில் பேசுகிறார்கள். "சிவப்புச் சட்டைக்காரப் பையா!" என்று அது கூப்பிட்டதும்தான் மகன் தலையை நிமிர்த்தினான்.

ஒரு கடையில் மட்டும் கைப்பிடியே இல்லை. வங்கி அட்டையைத் தேய்த்துப் பொத்தானை அழுத்தினால், உள்ளேயே வைத்திருக்கும் செம்புத் தகடு நசுங்கி வருகிறது. 2025 நவம்பரோடு புழக்கத்துக்கான ஒரு சென்ட் அச்சடிப்பதையும் நிறுத்திவிட்டார்கள், இனி இப்படித்தான் பெருகும் போலிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. கை வலிக்காமல் வந்த காசு டப்பாவில் அடியில்தான் கிடக்கிறது.

கடைசியில் ஃபோர்ட் பிராக்கின் கண்ணாடிக் கடற்கரை. 1967 வரை ஊர்க் குப்பையை அங்கேதான் கொட்டினார்கள். உடைந்த புட்டிகளை அலை உருட்டி உருட்டிக் கூழாங்கல்லாக்கிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் பை பையாக அள்ளிப்போய், இப்போது நிறையவே குறைந்துவிட்டது. மாநிலப் பூங்காப் பகுதியில் எடுக்கக் கூடாது. மகன் ஒரு பச்சைத் துண்டை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

இப்போது வீட்டுக்கு எந்தச் சில்லறை வந்தாலும் அவன் கண்ணில் படாமல் போகாது. போன வாரம் 1978 ஒன்று கிடைத்தது. இன்னும் நசுக்கவில்லை. அந்த எட்டோடு சேர்க்காமல், டப்பாவில் தனியாக, பஞ்சு சுற்றி வைத்திருக்கிறான்.