எழுதிக் கொடுப்பதா, எடுத்துச் சொல்வதா?

நடுவர் அவர்களே, செங்கோட்டைப் பெரியோர்களே, வணக்கம். தேவையில்லாத டெஸ்ட்டானாலும் நோயாளி கேட்டால் டாக்டர் எழுதிக் கொடுத்துவிடணும் என்று எதிரணித் தலைவர் முழங்கினார். "நீங்க எழுதலேன்னா அவரு புளியரை தாண்டிக் கேரளாவுல புனலூர்ல போய் எடுத்துக்கிடுவாரு" என்றார். போவார்தான். ‘வேண்டாம்’ என்று ஒற்றைச் சொல்லில் அனுப்பினால் கட்டாயம் போவார். அதனால்தான் உட்காரவைத்துப் பேசுங்கள் என்கிறோம்.

இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கேட்டு ஒருவர் வருகிறார். முதல் கேள்வி, "எதை நினைச்சுப் பயப்படுதீக?" கால் விளங்காமப் போயிருமோ என்பார். அப்போ காலைத்தானே பார்க்கணும்? மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்குங்கள். பெருவிரலை மேலே மடக்கச் சொல்லி, எதிராக அழுத்துங்கள். சுத்தியலால் முட்டியில் தட்டுங்கள். தட்டும்போதே, "பலம் குறையல, நரம்பு சரியா வேலை செய்யுது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பல பேர் பாதிப் பயத்தை அங்கேயே விட்டுவிடுவார்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்படவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது, கால் பலம் குறைகிறது என்றால் அன்றைக்கே ஸ்கேன். அதில் எங்களுக்குத் தகராறே இல்லை. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் தள்ளிப்போடக் கூடாது. எதுவுமே இல்லையா? ஆறு வாரம் பொறுக்கலாம். எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வரணும், இல்லையென்றால் எந்தத் தேதியில் வரணும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். வெறுமனே ‘பார்ப்போம்’ என்றால் அவர் நம்பமாட்டார், நம்பவும் வேண்டாம்!

"எடுத்துப் பார்த்தா என்ன குறைஞ்சிரும்?" என்றும் கேட்டார்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. 50 வயதில் 80 சதவீதம் பேருக்கு, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கில் தேய்மானம். 20 வயதிலேயே 37 சதவீதம். வலிக்குச் சம்பந்தமே இல்லாததும் ரிப்போர்ட்டில் வந்து பயமுறுத்தும். ரத்த டெஸ்ட்டும் அப்படித்தான். பெரும்பாலும், ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படிதான் ‘நார்மல்’ எல்லையைப் போடுகிறார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு. ‘மாஸ்டர் செக்கப்’ முடித்தவர் முகம் வாடி வருவது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

கடைசியாக, டாக்டருக்கு நேரமில்லை என்றார்கள். எழுத அரை நிமிஷம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’, அதாவது டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்ற வரிக்குக் கோடு போட்டு, மகனையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு அவர் திரும்பி வருவாரே, அந்த அரை மணி நேரத்தை எதிரணி எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறது, நடுவர் அவர்களே?