வாழைக்கன்று வாங்கும் முன் தாய்மரத்தைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிறேன். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். பூவன் பழம் ஒன்றைக் குறுக்கே நறுக்கியிருக்கிறேன். நடுவில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? விதையாகியிருக்க வேண்டியவை, ஆகவில்லை. பூவனுக்குக் குரோமோசோம்கள், அதாவது செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள், மூன்று தொகுதி, மொத்தம் 33. விதைக்கான செல்கள் உண்டாகும்போது, இரண்டு தொகுதி என்றால் சரிபாதியாகப் பிரியும். மூன்று எப்படிப் பிரியும்? அதனால்தான் விதை பிடிப்பதில்லை; சதை மட்டும் திரள்கிறது.

சரி, விதையில்லாமல் இந்த மரம் எப்படி இத்தனை தலைமுறை வந்தது? கல்யாண வீட்டில் 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துவார்களே, அப்படித்தான். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் கண் முளைத்துப் பக்கக்கன்றாக வெளியே வருகிறது. கன்று என்கிறோமே தவிர, அதுவும் தாயின் உடம்புதான். என் தாத்தா நட்ட அதே மரத்தின் பழத்தைத்தான் நான் இப்போது சாப்பிடுகிறேன். நினைத்தாலே மனம் நிறைகிறது.

ஆனால் தாயிடம் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும். போன வருஷம் வெளியிலிருந்து ஒரு கன்று வாங்கி நட்டேன். ரெண்டே மாதத்தில் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நின்றன. இலைக்காம்பில் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக இருந்தது. முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி அந்த நோயைத் தரும் வைரஸைப் பக்கத்து மரங்களுக்கும் கொண்டுபோனது. தாத்தா வைத்த வரிசையில் ஆறு மரங்களைக் கிழங்கோடு தோண்டி எடுத்தோம். கிணற்றடியில் தள்ளி நின்ற இந்த ஒன்றுதான் மிஞ்சியது.

உலக அளவிலும் இது நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான வாழை, க்ரோ மிஷெல். மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் அத்தனையும் ஒரே மரத்தின் நகல். ஒன்றைச் சாய்த்த பனாமா வாடல் நோய் மற்றவற்றையும் சாய்த்தது. 1960களில் கேவண்டிஷ் ரகத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

அதனால் கன்று எடுக்கும்முன் தாய்மரத்தின் உச்சியையும் இலைக்காம்பையும் பாருங்கள். இலை ஈட்டி மாதிரி குறுகி, அடி பருத்திருக்கும் கன்றாக எடுங்கள். கிழங்கு ஒன்றரை, இரண்டு கிலோ இருந்தால் நல்லது. அகன்ற இலையோடு வரும் நீர்க்கன்று வேண்டாம். அப்புறம், திசு வளர்ப்புக் கன்று வாங்கினால் வைரஸ் பரிசோதனை செய்ததா என்று கேளுங்கள்.

கிணற்றடி மரத்தின் கன்று இதோ. வேர் சீவியாயிற்று, குழியும் தயார். நடுகிறேன், பாருங்கள்.