கண்டல் நடும் முன் வாய்க்கால்

வணக்கம் நண்பர்களே. சென்னையில் ஒரு சூழலியல் மாநாடு முடிந்து இப்போதுதான் வெளியே வந்தேன். வண்டிச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புயல், சுனாமி, வெள்ளம் வந்தால் இயற்கை எப்படித் தாங்குகிறது, எப்படி மீள்கிறது என்பதுதான் மாநாட்டின் தலைப்பு. நான் அலையாத்திக் காட்டைப் பற்றி, அதாவது கடலோர உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரக் காட்டைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

2004 சுனாமியில் சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு ஊர்களைக் காப்பாற்றியது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கரையோரம் 18 குக்கிராமங்களைப் பார்த்து, 2005இல் இதைத்தான் எழுதினார்கள். மறு வருடமே வேறு சிலர் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து மறுத்தார்கள். கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், தரை எவ்வளவு மேடு என்ற இந்த இரண்டுமே, எங்கே அதிகம் பேர் இறந்தார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடுகின்றன என்றார்கள். இந்த வாதம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. மரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் கரையை ஒட்டி வீடு கட்டிக் கொடுத்தால் அது உயிரோடு விளையாடுவது. காடும் வேண்டும், தள்ளி மேட்டில் வீடும் வேண்டும்.

சரி, அழிந்த காட்டை எப்படி மீட்பது? அதற்கும் பிச்சாவரம்தான் பாடம். ஒரு காலத்தில் அங்கே கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் வெயில் பட்டு மண் காய்ந்து, தரை தொட்டி மாதிரி உள்வாங்கியது. ஓதத்தில், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்கும்போது, உள்ளே ஏறிய தண்ணீர் வடியாமல் தேங்கி, வற்றி வற்றி உப்பு ஏறிவிட்டது. அந்த மண்ணில் எத்தனை கன்று நட்டாலும் பிழைக்காது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் அங்கே மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். தண்ணீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. அப்புறம் நட்ட வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் வேர் பிடித்தது.

எங்காவது கண்டல் நடும் விழா நடந்தால், எத்தனை ஆயிரம் கன்று என்றுதான் சொல்கிறார்கள். அந்த இடத்துக்கு ஓதம் வந்து போகிறதா என்று நீங்கள் கேளுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டையும் பலமாக அடித்தது. அந்தப் பக்கம் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் யாராவது பார்த்தால், உங்கள் ஊர் வாய்க்கால்கள் மண் மேவிக் கிடக்கின்றனவா, தண்ணீர் ஓடுகிறதா என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.