ஃப்ளைட் சிமுலேட்டருக்கு (சிம்) குட்டி விமானம் வாங்கப் போறீங்களா? முதல்ல சாவியைத் திருப்பிப் பாருங்க

(திரையில்: திருச்சி ரன்வே ஓரம். செஸ்னா 172, இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு. கேமரா ஆர்பிஎம் முள்ளு கிட்ட போகுது.)

இந்த முள்ளைப் பாருங்க, இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டுற ஆர்பிஎம் மீட்டர். 1,800ல நிக்குது. இப்போ சாவியை 'போத்'ல இருந்து 'ரைட்'டுக்குத் திருப்புறேன். இறங்குச்சா? திரும்ப 'போத்'. இப்போ 'லெஃப்ட்'. மறுபடியும் இறங்குது.

இந்த இன்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு ஸ்பார்க் பிளக். அதுக்குப் பொறி கொடுக்க ரெண்டு மேக்னெட்டோ. சாவியால ஒண்ணை அணைச்சா ஒரு பிளக்தான் பத்த வைக்கும், பெட்ரோல் கொஞ்சம் மெதுவா எரியும், சக்தி குறையும். புது மாடலான 172எஸ் கையேட்டுப்படி முள்ளு அதிகபட்சம் 150 ஆர்பிஎம் குறையலாம், ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 50ஐத் தாண்டக் கூடாது.

கொஞ்ச நாள் முன்னாடி நான் ஒரு ஆட்-ஆன், அதாவது சிம்முல ஏத்திக்கிற தனி விமானம், வாங்கினேன். யாரு செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். சீட்டுல தையல் நூல் தெரியும், கண்ணாடியில தூசி தெரியும், கதவு ஓரத்துல பெயிண்ட் உரிஞ்சிருக்கும். அவ்வளவு அழகு. ஏறி உக்காந்து இதே மாதிரி சாவியைத் திருப்பினேன். முள்ளு அசையவே இல்லை. கார்புரேட்டருக்குச் சூடான காத்து அனுப்புற கார்ப் ஹீட் குமிழை இழுத்தேன். அதுக்கும் ஒண்ணும் ஆகலை. ஃபோட்டோ மாதிரி இருந்துச்சு, ஃபோட்டோ மாதிரியே நடந்துக்கிச்சு. காசும் திரும்பி வரலை.

ஜெட் வாங்கினா அதுல கம்ப்யூட்டர் இருக்கு, ஆட்டோபைலட் இருக்கு, பாக்க நூறு விஷயம் இருக்கு. குட்டி விமானத்துல என்ன இருக்கு? ஒரு இன்ஜின், ரெண்டு இறக்கை, உங்க காலு. இந்த மூணும் சரியா இல்லைன்னா நீங்க வாங்கினது வெறும் பொம்மை.

(திரையில்: டாஷ்போர்டு, கார்ப் ஹீட் குமிழ் மட்டும் பெருசா.)

கார்ப் ஹீட் பத்திக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இதுலதான் நிறைய ஆட்-ஆன் மாட்டிக்கும். கார்புரேட்டர்தான் பெட்ரோலையும் காத்தையும் கலக்கற பாகம். அதுக்குள்ள பெட்ரோல் ஆவியாகும்போது உள்ள காத்து சட்டுனு குளிர்ந்துடும். 20 டிகிரிக்கு மேலயே குறையலாம். அதனால வெளியில நல்லா வெயிலடிச்சாலும், காத்துல ஈரம் இருந்தா, உள்ள ஐஸ் கட்டும். த்ராட்டிலைக் குறைச்சு இறங்கும்போது இன்னும் ஆபத்து. குமிழை இழுத்தா சூடான காத்து உள்ள போகும். சூடான காத்து லேசு, அதனால ஆர்பிஎம் கொஞ்சம் விழணும். ஏற்கெனவே ஐஸ் இருந்தா முதல்ல விழுந்து, ஐஸ் உருக உருக மேல ஏறும். இன்ஜின் கொஞ்சம் இருமக் கூட செய்யும். இவ்வளவும் கணக்குப் போட்டிருக்கிற ஆட்-ஆனை அந்த ஒரு முள்ளை வச்சே கண்டுபிடிச்சிடலாம்.

ஒரு எச்சரிக்கை: புது 172எஸ்ல இந்தக் குமிழே இருக்காது. அது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், கார்புரேட்டரே கிடையாது. "என் விமானத்துல கார்ப் ஹீட்டைக் காணோம்"னு யாரையும் திட்டிடாதீங்க. பழைய 172லயும், பைப்பர் கம்பெனியோட வாரியர்லயும் இருக்கும்.

அடுத்த சோதனைக்கு லடாக் போகணும். சிம்லதான், பயப்படாதீங்க.

(திரையில்: லே விமான நிலையம், சுத்தி மலை.)

லே ரன்வே 10,682 அடி உயரம். காத்தோட சேர்ற பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸ்சர் குமிழை முழுசா உள்ள தள்ளி வச்சுட்டு ஃபுல் த்ராட்டில் கொடுங்க. டர்போ இல்லாத இன்ஜின் இங்க திணறணும். காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. மிக்ஸ்சரை மெதுவா வெளிய இழுங்க. ஒரு இடத்துல ஆர்பிஎம் ஏறும், சத்தம் சீராகும், அதுக்கு மேல இழுத்தா மறுபடி விழும். அந்த நல்ல இடத்துல வச்சாலும் கடல் மட்டத்துல கிடைக்கிற சக்தியில முப்பது சதவீதம் காணாமப் போயிருக்கும். ரன்வே ஓடிக்கிட்டே இருக்கும், வண்டி எழும்பாது. அதுதான் சரி. மெட்ராஸ்ல ஏறுற மாதிரியே லேயிலயும் ஜம்முனு ஏறுச்சுன்னா அந்த ஆட்-ஆனை மூடி வச்சுடலாம்.

காலுக்கு ஒரு சோதனை. ரட்டர்னா கால் பெடலால மூக்கை இடது வலது திருப்புற வால் பலகை. செட்டிங்ஸ்ல ஆட்டோ-ரட்டர் மாதிரி உதவி எல்லாத்தையும் அணைச்சுடுங்க. ரன்வே நடுவுல நின்னு, ரட்டர்ல கால் வைக்காம ஃபுல் த்ராட்டில். மூக்கு இடது பக்கம் இழுக்கணும். வலது ரட்டர் கொடுத்தாதான் நேராப் போகும். பெடல் இல்லைன்னா முறுக்குற ஜாய்ஸ்டிக் போதும். ஆனா இழுக்காத விமானத்துக்குப் பெடல் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

வேகம் ரொம்பக் குறைஞ்சு இறக்கை தூக்க முடியாமப் போறதுதான் ஸ்டால். அதுக்கு ஸ்பீடு காட்டுற மீட்டர்லயே விடை எழுதியிருக்கு. 172எஸ்ல பச்சை வளைவு 48 நாட்ல (மணிக்கு 48 கடல் மைல்) ஆரம்பிக்கும், வெள்ளை வளைவு 40ல. முழு எடையில, ஃப்ளாப் (இறக்கைக்குப் பின்னால கீழ இறங்குற பலகை) இல்லாம 48 கிட்ட, முழு ஃப்ளாப்ல 40 கிட்ட ஸ்டால் ஆகணும். ரெண்டு நாட் முன்னப் பின்ன இருந்தா விட்டுடுங்க. பதினஞ்சு நாட் தள்ளி இருந்தா விடாதீங்க.

சரி, வாங்காம எப்படி இதெல்லாம் பாக்கறது? பாக்க முடியாது. அதனாலதான் யூடியூப்ல சூரிய அஸ்தமனத்துல பறக்கிற வீடியோவைத் தள்ளிவிட்டு, கிளம்புறதுக்கு முன்னாடி இன்ஜினைச் சோதிக்கிற ரன்-அப் காட்டுற வீடியோவைத் தேடுங்கன்னு சொல்றேன். இன்னொண்ணு, நிறைய பேர் மேனுவலை விற்பனைப் பக்கத்துலயே இலவசமா பிடிஎஃப்பா வச்சிருப்பாங்க. முதல்ல அதைப் படிங்க. நிறம், பெயிண்ட், நிழல்னு பத்து பக்கம் போய், இன்ஜினுக்கு அரைப் பக்கம் இருந்தா உங்களுக்கே புரிஞ்சிடும். நிஜ விமானம் மாதிரியே நுணுக்கமா இருக்கும்னு சொல்ற 'ஸ்டடி லெவல்'னு போட்டிருக்கான்னு மட்டும் பாக்காதீங்க. அதுக்கு யாரும் சர்டிஃபிகேட் கொடுக்கிறதில்லை. பலகாரக் கடை போர்டுல 'ஸ்பெஷல்'னு போடுற மாதிரிதான்.

இப்போ எந்த விமானம்? இங்க நான் பைப்பர் கட்சி.

(திரையில்: பைப்பர் வாரியர், வலது பக்கக் கதவு திறந்திருக்கு.)

செஸ்னா 172ல இறக்கை மேல. டாங்க்கும் மேல. பெட்ரோல் தானா கீழ இறங்கும், எந்த டாங்க்ல இருந்து பெட்ரோல் வரணும்னு மாத்துற செலக்டரை 'போத்'ல வச்சுட்டு மறந்துடலாம். வாரியர்ல இறக்கை கீழ. பெட்ரோலைப் பம்ப் பண்ணித்தான் இன்ஜினுக்கு ஏத்தணும். 'போத்' கிடையாது. இடது, இல்லைன்னா வலது. அரைமணிக்கு ஒரு தடவை நீங்கதான் மாத்தணும். மாத்தும்போது எலக்ட்ரிக் பம்ப் போடணும். ஃப்ளாப்புக்குக் கூட மோட்டார் கிடையாது, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஹேண்ட்பிரேக் மாதிரி ஒரு நெம்புகோல்.

ஒரு நாள் திருச்சியில இருந்து கோயம்புத்தூர் கிளம்பினேன். முந்தின தடவை மிச்சமிருந்த பெட்ரோலோடயே ஏறிட்டேன். கரூர் தாண்டலை, கீழ அமராவதி தெரியுது, இன்ஜின் ரெண்டு தடவை இருமிட்டு நின்னுடுச்சு. புரொபல்லர் காத்துல சும்மா சுத்துது. நான் மிக்ஸ்சரைப் பாக்கறேன், சாவியைப் பாக்கறேன், கார்ப் ஹீட்டை இழுக்கறேன். செலக்டர் எங்க இருக்கு? இடது முழங்கால் பக்கச் சுவர்ல, கண்ணுக்கே படாத இடத்துல. இடது டாங்க் காலி, வலதுல அஞ்சு காலன் அப்படியே இருக்கு. திருப்பினேன், பம்ப் போட்டேன், இன்ஜின் பிடிச்சுது. அதுக்குள்ள ஆயிரத்து சொச்சம் அடி போச்சு. கையெல்லாம் வேர்வை. வீட்டு நாற்காலியில உக்காந்துக்கிட்டு!

அந்த வேர்வைக்குத்தான் நான் காசு கொடுக்கறேன்.

ஜஸ்ட் ஃப்ளைட்ங்கிற கம்பெனி செஞ்ச வாரியர் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு இருக்கு. சக்கரம் உள்ள மடங்குற பைப்பர் ஆரோ வேணும்னாலும் அவங்ககிட்டயே இருக்கு. இதுக்கும் மேல போகணும்னா ஏ2ஏ கம்பெனி செஞ்ச பைப்பர் கமான்சி 250. 250 குதிரை சக்தி, மடங்குற சக்கரம். நீங்க இன்ஜினை எப்படி நடத்தினீங்கன்னு அது ஞாபகம் வச்சிருக்கும். இன்னைக்கு முரட்டுத்தனமா ஓட்டினா தேய்மானம் அப்படியே தங்கிடும். பறக்கிறதுக்கு முன்னாடி சுத்தி வந்து ஆயில் அளவு பாக்கணும். பொறுமை இல்லாதவங்களுக்கு இது சரிப்படாது, நேராச் சொல்லிடறேன். எக்ஸ்-பிளேன்ங்கிற வேற சிமுலேட்டர் வச்சிருக்கறவங்க, அதோடவே வர்ற 172வை முதல்ல நல்லாப் பயன்படுத்துங்க. எக்ஸ்-பிளேன் இறக்கையைத் துண்டு துண்டாப் பிரிச்சு ஒவ்வொரு துண்டு மேலயும் காத்தோட விசையைக் கணக்குப் போடுற சிமுலேட்டர், அதனால கையில வர்ற உணர்வு ஆரம்பத்துலயே பரவாயில்லாம இருக்கும்.

காசே இல்லையா? ஃப்ளைட்கியர் சிமுலேட்டர் இலவசம், அதோட 172பி (பழைய 172 மாடல்) விமானமும் இலவசம். கிராஃபிக்ஸ் பாத்தா முகம் சுளிப்பீங்க. ஆனா பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கான்னு வடிச்சுப் பாக்கலாம், கார்புரேட்டர்ல ஐஸ் கட்டும். நான் காசு கொடுத்து ஏமாந்த அந்த அழகியை விட இது எவ்வளவோ மேல்.

சில நடைமுறை விஷயம். எக்ஸ்பாக்ஸ்ல ஆடுறவங்களுக்கு மைக்ரோசாஃப்ட் சிம்முக்குள்ளயே இருக்கிற மார்க்கெட்பிளேஸ் கடை மட்டும்தான் வழி, வெளியில வாங்கினது ஏறாது. அந்த சிம்மோட 2020 பதிப்புக்கு வாங்கினது 2024 பதிப்புல ஓடுமான்னு விற்பனைப் பக்கத்துல எழுத்துல இருந்தாதான் நம்புங்க. கடைசி அப்டேட் தேதியையும் பாருங்க. சிஸ்டம் பழசுன்னா பெரிய கண்ணாடித் திரை காக்பிட்டைத் தவிர்த்துட்டு முள்ளு மீட்டர் உள்ளதை எடுங்க, பொதுவா ஃப்ரேம் குறைஞ்சு படம் திக்காது. ஜிபிஎஸ்ஸுக்குத் தனியாக் காசு கேக்கறாங்களான்னும் பாருங்க. சிலதுல ஜிடிஎன்ங்கிற பெரிய ஜிபிஎஸ் திரை வேணும்னா அதைத் தனியா வாங்கணும்.

முதல் தடவை வாங்கறவங்களுக்கு என் கணக்கு இதுதான்: சிம்மோட வந்த 172ல இருபது மணி நேரம், அப்புறம் வாரியர். வாங்கினதும் எங்கயும் பறக்காதீங்க. சாவியைத் திருப்புங்க, முள்ளு இறங்குதான்னு பாருங்க. அப்புறம் இடது முழங்கால் பக்கம் குனிஞ்சு, அந்த செலக்டர் எங்க இருக்குன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

(திரையில்: செலக்டர், 'லெஃப்ட்'ல இருந்து 'ரைட்'டுக்கு மெதுவாத் திரும்புது.)