பழிதான் கட்டிப்போடுது!

நடுவர் அவர்களே, எதிரணியினரே, தேக்காவிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும் வந்திருக்கிற பெரியோர்களே, வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடுறேன்.

துப்பறியும் படத்துல நம்மைக் கட்டிப்போடுவது துப்பறிவாளர் மூளையா, கொலைக்குப் பின்னால இருக்கிற பழியா? நாங்க பழி. எதிரணி நண்பர் சொன்னார்: “பழிக்கதை வெறும் கடைசிப் பத்து நிமிஷ ஃப்ளாஷ்பேக். அது ஆரம்பிச்சதும் ஜனங்க கடைசி எம்ஆர்டியைப் பிடிக்க எழுந்துடுவாங்க.” கைத்தட்டல் வாங்கிட்டார். வாங்கட்டும்.

ஐயா, 1974-ல சிட்னி லூமெட் எடுத்த ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ பார்த்தீங்களா? பார்க்காதவங்க காதைப் பொத்திக்குங்க. ஐம்பது வருஷம் அவகாசம் கொடுத்தாச்சு. படம் எங்க ஆரம்பிக்குது? ரயில்லயா? இல்லீங்க, ஒரு குழந்தைக் கடத்தல்ல! பழிக்கான காரணத்தை முதல்ல வெச்சுட்டு, அப்புறம்தான் ரயிலையே காட்டுறாங்க. கடைசி எம்ஆர்டிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, உட்காருங்க!

பனியில ரயில் நிக்குது. உள்ளே ஒரு பணக்காரர் பிணம். உடம்புல 12 கத்திக்குத்து. மூளை அணி எண்ணிப் பார்க்கட்டும். ஒண்ணு ஆழமா இறங்கியிருக்கு, ஒண்ணு வெறும் கீறல். ஒண்ணு வலது கைக் குத்து, ஒண்ணு இடது கை. சில காயத்துல ரத்தமே சரியா வரலை. ஏன்? இதயம் நின்னுட்டா ரத்தத்தைத் தள்ள ஆளில்லை. செத்த பிறகு விழுந்த குத்து அது. செத்தவனை எதுக்குய்யா குத்தணும்? கொலைகாரன் ஒருத்தன்னு வெச்சா கணக்கு உதைக்குது. திரும்ப எண்ணுங்க, திரும்பவும் உதைக்கும்.

துப்பறிவாளர் புவாரோ என்ன செஞ்சார்? அறையில ஒரு கருகின காகிதம், தொட்டா உதிர்ந்துடும். தொப்பிப் பெட்டியோட கம்பி வலையைப் பிரிச்சார். ரெண்டு வலைக்கு நடுவுல காகிதத்தை வெச்சார். ஸ்பிரிட் விளக்கு மேல பிடிச்சார். எழுத்து மின்னுச்சு! யார் பேரு? கொலைகாரன் பேரா? இல்லை. முதல் காட்சியில கடத்திக் கொல்லப்பட்ட குழந்தை டெய்ஸி ஆம்ஸ்ட்ராங் பேரு! பிணமாக் கிடக்கிறவன்தான் அவளைக் கடத்தினவன். ரயில்ல இருக்கிறவங்க அந்த வீட்டை நேசிச்சவங்க. 12 குத்துக்கும் சொந்தக்காரங்க கிடைச்சாச்சு. இத்தனை மூளையும் ஓடி ஓடித் தேடினது பழியை, ஐயா!

நம்ம சிங்கப்பூர் தண்டனைச் சட்டம் 300-ஆம் பிரிவுல ஒரு விலக்கு உண்டு. திடீர்னு, கடுமையா சீண்டப்பட்டு நிதானம் இழந்து கொன்னா, குற்றம் ஒரு படி இறங்கும். டிக்கெட் போட்டுக் காத்திருந்து குத்துறவங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. சரிதான். ஆனா எல்லாம் தெரிஞ்ச புவாரோ, ரெண்டு முடிவு சொல்லி, பொய்யானதைப் போலீஸுக்குப் போக விட்டாரே, ஏன்?

ஏன்னா, குழந்தை செத்த சேதி கேட்டுக் குறைப்பிரசவத்துல அந்தத் தாயும் போனா, சேயும் போச்சு. தகப்பன் தன்னையே சுட்டுக்கிட்டான். சந்தேகத்துக்கு ஆளான வேலைக்காரப் பொண்ணும் உயிரை விட்டா.

லாஜிக் கிடக்கட்டும், நடுவர் அவர்களே. முன்வரிசையில பேத்தியை மடியில வெச்சிருக்கிற பாட்டிகிட்ட கேளுங்க, வீட்டுக்குப் போனதும் கம்பி வலை ஞாபகம் வருமா, டெய்ஸி ஞாபகம் வருவாளான்னு. பாட்டி சொல்றதையே தீர்ப்பா எழுதிடுங்க. நன்றி.