அடி வட்டிலிருந்து யோசிப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

மூன்று கம்பிகளை மனத்தில் நட்டுக்கொள்ளுங்கள்: இடது, நடு, வலது. இடது கம்பியில் எட்டு வட்டுகள். பெரியது அடியில், சிறியது உச்சியில். எல்லாவற்றையும் வலது கம்பிக்கு மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வட்டுதான் எடுக்கலாம், சிறியதன் மேல் பெரியது உட்காரக் கூடாது. 1883-இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் வெளியிட்ட இந்தப் புதிருக்கு ஹனோய் கோபுரம் என்று பெயர்.

பலரும் உச்சியில் இருக்கும் குட்டி வட்டைப் பார்த்தே யோசிக்கத் தொடங்குவார்கள். இதை எங்கே வைப்பது, அடுத்ததை எங்கே வைப்பது என்று போனால் மூன்று, நான்கு வட்டுகள் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் வந்த வழியே திரும்பி வந்து நிற்போம். பார்வையை அடிக்கு இறக்க வேண்டும். அடியில் கிடக்கும் பெரிய வட்டு வலது கம்பிக்குப் போக வேண்டுமானால், அதன் மேல் எதுவும் இருக்கக் கூடாது, வலது கம்பியும் காலியாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மற்ற ஏழும் எங்கே இருக்கும்? நடுக் கம்பியில், வரிசை குலையாமல். அவற்றுக்கு வேறு இடமே இல்லை.

இது புரிந்ததும் புதிர் மூன்று துண்டாகிவிடும். ஏழு வட்டுகளை நடுவுக்கு மாற்று. பெரியதை வலதுக்கு மாற்று. அந்த ஏழையும் நடுவிலிருந்து வலதுக்கு மாற்று. சரி, ஏழை எப்படி மாற்றுவது? அதே முறையில்தான். எட்டாவது வட்டு எல்லாவற்றையும்விடப் பெரியது என்பதால் அதைத் தரையாக நினைத்துக்கொள்ளலாம். அதன் மேல் எதையும் வைக்கலாம். ஏழு ஆறாகும், ஆறு ஐந்தாகும், கடைசியில் வட்டே இல்லாத நிலை வரும். அங்கே செய்ய வேலை இல்லை, திரும்பிவிடலாம். ஒரு செயல் தன்னையே சிறிய அளவில் அழைத்துக்கொள்ளும் இந்த உத்திதான் ரிகர்ஷன், தமிழில் தற்சுழற்சி.

இதைக் கணினி நிரலாக எழுதும்போது, மாற்றும் வேலையைச் செய்யும் நிரல்துண்டுக்கு, அதாவது செயற்கூறுக்கு, நான்கு தகவல் கொடுக்க வேண்டும்: எத்தனை வட்டு, புறப்படும் கம்பி, சேரும் கம்பி, உதவிக் கம்பி. தவறு நடப்பது இங்கேதான். இடது என்றால் எப்போதும் புறப்படும் இடம் என்று மனம் பிடித்துக்கொள்கிறது. உண்மையில் இவை இடங்களின் பெயர்கள் அல்ல, ஏற்கும் வேடங்கள். ஏழை நடுவுக்கு மாற்றும் முதல் அழைப்பில் சேரும் கம்பியும் உதவிக் கம்பியும் வேடம் மாற்றிக்கொள்ளும். அந்த ஏழை வலதுக்கு மாற்றும் இரண்டாம் அழைப்பில் உதவிக் கம்பி புறப்படும் கம்பியாகிவிடும். இந்த மாற்றத்தை மறந்தாலும் நகர்த்தல்களின் எண்ணிக்கை சரியாகவே வரும், ஆனால் பெரிய வட்டு சிறியதன் மேல் ஏறியிருக்கும். ஆகவே எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்து ஏமாறாதீர்கள். வட்டு இல்லாத நிலையில் திரும்ப வேண்டும் என்ற வரி விடுபட்டால், அழைப்புகள் முடிவில்லாமல் அடுக்கிக்கொண்டே போய் நிரல் நினைவகம் போதாமல் நின்றுவிடும்.

கையால் செய்பவர்களுக்கு முதல் அடிதான் முக்கியம். வட்டுகள் ஒற்றைப்படை என்றால் குட்டி வட்டு முதலில் சேர வேண்டிய கம்பிக்கே போக வேண்டும், இரட்டைப்படை என்றால் உதவிக் கம்பிக்கு. மாற்றி வைத்தால் கோபுரம் முழுதும் தவறான கம்பியில் போய் அமைந்துவிடும்.

ஒவ்வொரு வட்டு கூடும்போதும் நகர்த்தல்கள் இருமடங்காகி ஒன்று கூடும்: 1, 3, 7, 15. எட்டு வட்டுக்கு 255. காசிக் கோயிலில் பூசாரிகள் மாற்றிக்கொண்டிருப்பதாக இந்தப் புதிரோடு வழங்கும் கதையில் 64 பொன் வட்டுகள். நொடிக்கு ஒன்றாக நகர்த்தினால் ஏறத்தாழ 58,500 கோடி ஆண்டுகள் ஆகும். இத்தனைக்கும் நிரலில் ஒரே நேரத்தில் முடியாமல் அடுக்கி நிற்கும் அழைப்புகள் 65-ஐத் தாண்டாது. நினைவகம் தாங்கும், காலம்தான் தாங்காது.

நான்காவது கம்பி ஒன்று சேர்ந்தால் எட்டு வட்டுக்கு 33 நகர்த்தல் போதும். ஆனால் அப்போது பெரிய வட்டு நகரும் கணத்தில் மற்றவை இரண்டு கம்பிகளில் எப்படி வேண்டுமானாலும் பிரிந்திருக்கலாம். ‘வேறு இடமே இல்லை’ என்ற நம் பிடி நழுவிவிடுகிறது. நான்கு கம்பிக்கான முறையை ஃபிரேம், ஸ்டூவர்ட் என்ற கணித அறிஞர்கள் இருவரும் 1941-இலேயே தந்தார்கள். அதைவிடக் குறைவாக முடியாது என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் தியரி பூஷ் நிறுவியது 2014-இல். ஐந்து கம்பிக்கு அந்த நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை.